இமை சோரும் நோயும் பத்து மாதமும்

மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைத் தளர்ச்சி நோய் பெண்களுக்கு வருவதென்றால் பெரும்பாலும் இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் வரும். கல்யாணம், பிள்ளைப்பேறு என்று குடும்பம் எதிர்பார்த்துக் காத்திருக்கும் வயதும் அதுதான். அதனால் நோயின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் நரம்பியல் மருத்துவர் எதிர்கொள்ளும் கேள்வி, "குழந்தை பெத்துக்கலாமா டாக்டர்?" என்பதுதான். பெற்றுக்கொள்ளலாம் என்பதே இன்றைய மருத்துவத்தின் பதில். இந்த நோயுள்ள பெண்களில் பெரும்பாலோர் கர்ப்ப காலத்தை நல்லபடியாகக் கடந்து ஆரோக்கியமான குழந்தையைப் பெறுகிறார்கள். ஆனால் அந்தப் பதிலுக்குள் ஒரு நிபந்தனை இருக்கிறது: திட்டமிட்டுச் செய்ய வேண்டும். பயந்துபோய் நிறுத்திய மாத்திரையும், நோயைப் பற்றித் தெரியாத ஒருவர் அவசரத்தில் போட்ட ஊசியும் நோயைவிடப் பெரிய ஆபத்தை உண்டாக்கிவிடக்கூடும். இரண்டுமே தடுக்கக்கூடியவை.

நரம்பும் தசையும் சந்திக்கும் இடம்

கையை மடக்கு என்று மூளை இடும் கட்டளை நரம்பு வழியாக ஓடிவந்து, தசையை எட்டும் இடத்தில் நூலிழையிலும் மெல்லிய ஓர் இடைவெளியில் நிற்கிறது. நரம்பு நுனியிலிருந்து சுரக்கும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் அந்த இடைவெளியைக் கடந்து, தசையின் மேல் உள்ள ஏற்பிகளில் ஒட்டினால்தான் தசை சுருங்கும். மயஸ்தீனியாவில், கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் எதிர்ப்பாற்றல் இந்த ஏற்பிகளையே பகையாக எண்ணி, ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்பொருள்களை ஏவி அழிக்கிறது. உடல் முழுவதும் நோய் பரவியவர்களில் நூற்றுக்கு 80 முதல் 85 பேருக்கு ரத்தத்தில் இந்த எதிர்ப்பொருள் இருக்கும். சிலருக்கு மட்டும் மஸ்க் என்ற வேறொரு புரதத்துக்கு எதிரானது இருக்கும். அவர்களுக்கு நோயின் போக்கும் மருந்துகளும் சற்று மாறுபடும்.

ஏற்பிகள் குறைந்த தசை முதல் சில அசைவுகளுக்கு ஈடுகொடுக்கும். தொடர்ந்து வேலை வாங்கினால் ஓய்ந்துவிடும். சற்று ஓய்வு கொடுத்தால் மறுபடி எழும். காலையில் நன்றாக இருந்த கண், சாயங்காலம் சொக்கிப்போகும். ஒரு பொருள் இரண்டாகத் தெரியும். சடை பின்னக் கையைத் தூக்கினால் பாதியிலேயே கை தானாக இறங்கும். சாப்பாட்டில் முதல் நாலு வாய் எளிதாக இறங்கும். பாதித் தட்டுக்குள் தாடை மெல்ல முடியாமல் நிற்கும், சிலர் கையால் மோவாயைத் தாங்கிக்கொண்டு மெல்லுவார்கள். பேசப் பேசக் குரல் மூக்கால் வரும். நடிகர் அமிதாப் பச்சனுக்கு 1980களில் வந்த நோய் என்றால் சிலருக்கு நினைவுக்கு வரலாம்.

இதற்கான மருந்தின் கதை 1934இல் தொடங்குகிறது. லண்டன் கிரீனிச்சில் உள்ள செயின்ட் ஆல்ஃபெஜ் மருத்துவமனையில் பணியாற்றிய மேரி வாக்கர் என்ற பெண் மருத்துவர், இந்த நோயாளிகளின் நிலை, அம்புகளில் தடவப்படும் குராரே விஷம் ஏறியவர்களின் நிலையைப் போலவே இருப்பதை எண்ணிப்பார்த்து, குராரேக்கு மாற்று மருந்தான ஃபைசோஸ்டிக்மினை ஊசியாகப் போட்டார். சோர்ந்த இமை எழுந்தது. அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியைத் தடுத்து, இருக்கும் கொஞ்ச ஏற்பிகளுக்கும் அது கூடுதல் நேரம் கிடைக்கச் செய்வதே அந்த மருந்தின் வேலை. அதே குடும்பத்தைச் சேர்ந்த பைரிடோஸ்டிக்மின் மாத்திரைதான் இன்றைக்கும் முதல் மருந்து. எதிர்ப்பொருள்தான் நோய்க்குக் காரணம் என்பது 1973இல், மின்விலாங்கு மீனிலிருந்து பிரித்த ஏற்பியை முயல்களுக்குச் செலுத்திய சோதனையில் தெளிவானது.

கர்ப்பத்தைப் பொறுத்தவரை இதிலிருந்து இரண்டு செய்திகள் பிறக்கின்றன. ஒன்று: எதிர்ப்பொருள் தாக்குவது எலும்போடு இணைந்த, நாம் நினைத்தால் அசையும் தசைகளை மட்டுமே. கருப்பையின் தசை வேறு வகை. அதன் ஏற்பிகளும் வேறு. ஆகவே கருப்பை சுருங்குவதில் நோய் தலையிடாது. இரண்டு: எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையிடம் போகும். தாயின் எதிர்ப்பாற்றலைப் பிறக்கப்போகும் பிள்ளைக்குக் கொடுத்தனுப்ப இயற்கை வைத்திருக்கும் வழியிலேயே இதுவும் போகிறது.

கருத்தரிக்கும் முன்பே

நோய் கண்ட முதல் இரண்டு மூன்று வருடங்களில்தான் அதன் ஏற்ற இறக்கம் அதிகம். எனவே நோய் அடங்கி, மருந்தின் அளவு ஒரு நிலைக்கு வந்தபின் கருத்தரிப்பது நல்லது. "முதல்ல குழந்தை, அப்புறம் வைத்தியம்" என்ற வீட்டுப் பெரியவர்களின் கணக்கு இங்கே தலைகீழ்.

தைமஸ் சுரப்பி நெஞ்செலும்புக்குப் பின்னால் இருப்பது. இந்த நோயாளிகளில் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து பேருக்கு அதில் தைமோமா என்ற கட்டி இருக்கும். கட்டி இல்லாவிட்டாலும், ஏற்பி எதிர்ப்பொருள் உள்ள இளவயதினருக்குச் சுரப்பியை எடுத்துவிடுவது பலன் தருகிறது என்பதை 2016இல் வெளியான, 126 நோயாளிகள் கலந்துகொண்ட பன்னாட்டு ஆய்வு நிரூபித்தது. ஆனால் அறுவை சிகிச்சையின் பலன் தெரிய மாதங்கள், சில சமயம் வருடங்கள் ஆகும். கர்ப்பத்துக்கு முன்பே செய்துகொண்டால் கர்ப்ப காலத்தில் மருந்தின் தேவை குறையலாம். குழந்தைக்குத் தற்காலிகப் பாதிப்பு வரும் வாய்ப்பும் குறைவதாகத் தெரிகிறது. கர்ப்பம் தரித்துவிட்டால் பிரசவம் முடியும்வரை இந்த அறுவையைத் தள்ளிவைப்பதே முறை. நெஞ்சு சி.டி. ஸ்கேனும் முன்கூட்டியே எடுத்துவிட வேண்டியது.

மருந்துப் பட்டியலைப் பார்க்க வேண்டிய நேரமும் இதுதான். மைக்கோஃபீனோலேட், மெத்தோட்ரெக்சேட் இரண்டும் கருவின் உறுப்புகளைச் சிதைக்கக்கூடியவை. முதலாவதைக் கருத்தரிக்க ஆறு வாரத்துக்கு முன்பும், இரண்டாவதை மூன்று மாதத்துக்கு முன்பும் நிறுத்தி, வேறு மருந்துக்கு மாறி, அந்த மாற்றத்தில் நோய் கட்டுக்குள் நிற்கிறதா என்று பார்த்த பிறகே முயல வேண்டும். நாள் தள்ளிப்போனதை அறிந்த பிறகு நிறுத்துவது காலம் கடந்த செயல். கருவின் உறுப்புகள் உருவாகும் வாரங்கள் அதற்குள் ஓடிவிட்டிருக்கும். தைராய்டு கோளாறு இந்த நோயோடு சேர்ந்தே வருவதுண்டு என்பதால் அதற்கான ரத்தப் பரிசோதனையும், நுரையீரல் கொள்ளளவுப் பரிசோதனையும் முன்பே எடுத்து வைத்தால் பின்னால் ஒப்பிட உதவும்.

எந்த மாத்திரை, எவ்வளவு

"கர்ப்பமா இருக்கும்போது மாத்திரை எதுவும் போடக்கூடாது" என்ற பொதுவான எச்சரிக்கையைக் கேட்டுத் தானாகவே மருந்தை நிறுத்துவதுதான் இந்த நோயில் செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு. நிறுத்தினால் தளர்ச்சி திரும்பும். விழுங்கும் தசைக்கும் மூச்சுத் தசைக்கும் பரவினால் தாய்க்கு வென்டிலேட்டர் தேவைப்படும். தாய்க்குப் போதுமான பிராணவாயு இல்லாத நிலை குழந்தைக்கு எந்த மாத்திரையையும்விடக் கெடுதல்.

பன்னாட்டு நிபுணர் குழு 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வாய்வழி பைரிடோஸ்டிக்மினைக் கர்ப்பத்தில் முதல் மருந்தாக வைக்கிறது. 60 மில்லிகிராம் மாத்திரை. நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. நாளொன்றுக்கு மொத்தம் 600 மில்லிகிராமுக்குள் இருப்பது பாதுகாப்பு. சாப்பிட அரை மணி, முக்கால் மணி நேரத்துக்கு முன் போட்டுக்கொண்டால் மெல்லவும் விழுங்கவும் வலு இருக்கும். கர்ப்பத்தில் உடலின் ரத்த அளவு கூடுகிறது, சிறுநீரகம் மருந்தை வேகமாக வெளியேற்றுகிறது; அதனால் முன்பு நாலு மணி நேரம் தாங்கிய மாத்திரை மூன்று மணி நேரத்தில் ஓயலாம். இது நோய் முற்றியதன் அடையாளம் அல்ல. இடைவெளியை மாற்றியமைக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த வகை மருந்தை நரம்பு வழி ஊசியாகக் கர்ப்ப காலத்தில் செலுத்துவதைத் தவிர்க்கிறார்கள். கருப்பையைச் சுருங்கவைத்துவிடும் என்ற அச்சம் உண்டு.

மசக்கை வாந்தி இந்த நோயாளிகளுக்குப் பெரிய இடைஞ்சல். விழுங்கிய மாத்திரை வெளியே வந்துவிட்டதா, உள்ளே இருக்கிறதா என்று தெரியாமல் இன்னொன்று போட்டால் அளவு மீறும். வயிற்றைப் பிசையும், எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும், பேதியாகும். போடாமல் விட்டால் தளர்ச்சி. வாந்தி நிற்காத நிலையில் வீட்டிலேயே சமாளிக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுவது நல்லது.

எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளில் கர்ப்பத்துக்கு ஏற்றது பிரெட்னிசோலோன். நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு நொதி இந்த ஸ்டீராய்டின் பெரும்பகுதியை வழியிலேயே செயலிழக்கச் செய்துவிடுவதால் குழந்தையை எட்டுவது சுமார் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் தாய்க்குக் கர்ப்பகாலச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கூடும் வாய்ப்பு உண்டு. நம் ஊரில் ஏற்கெனவே கர்ப்பகாலச் சர்க்கரை அதிகம் என்பதால் இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. புதிதாக ஸ்டீராய்டு தொடங்குபவர்களுக்கு முதல் ஓரிரு வாரங்களில் தளர்ச்சி கூடிவிட்டு பிறகு குறைவதும் உண்டு; அதனால் சிறிய அளவில் தொடங்கி ஏற்றுவார்கள். ஸ்டீராய்டு மட்டும் போதாதவர்களுக்கு அசதையோபிரின், சைக்ளோஸ்போரின் இரண்டும் ஒப்பீட்டளவில் பாதுகாப்பானவையாகக் கருதப்படுகின்றன. அசதையோபிரினை வீரியமுள்ள மருந்தாக மாற்றும் நொதி கருவின் கல்லீரலில் இல்லை என்பது இந்த மருந்துக்குச் சாதகமான விஷயம்.

தளர்ச்சி சட்டென்று முற்றும்போது கை கொடுப்பவை இரண்டு. ஒன்று, ஐ.வி.ஐ.ஜி. என்ற இம்யூனோகுளோபுலின்: கிலோ எடைக்கு 2 கிராம் வீதம், இரண்டு முதல் ஐந்து நாட்களில் ஏற்றுவார்கள். அறுபது கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 120 கிராம் ஆகிறது. விலை எந்தக் குடும்பத்தையும் அசைத்துவிடும். மருத்துவக் காப்பீட்டில் இதற்கு இடம் உண்டா என்பதை முன்கூட்டியே கேட்டு வைப்பது புத்திசாலித்தனம். இன்னொன்று பிளாஸ்மா மாற்றம்: ரத்தத்தின் திரவப் பகுதியை எடுத்து, அதோடு எதிர்ப்பொருளையும் வெளியேற்றுவது. வயிறு பெரிதான பிறகு நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து இதைச் செய்யக்கூடாது. கருப்பையின் கனம் பெரிய ரத்தக்குழாயை அழுத்தி ரத்த அழுத்தம் இறங்கிவிடும். இடப்பக்கமாகச் சாய்த்தே செய்ய வேண்டும்.

எஃப்கார்டிஜிமோட் போன்ற புதிய மருந்துகள் 2021க்குப் பின் சந்தைக்கு வந்திருக்கின்றன. எதிர்ப்பொருள்களை உடலில் நீடிக்கவைக்கும் ஏற்பியை இவை தடுக்கின்றன. நஞ்சுக்கொடி வழியாக எதிர்ப்பொருளைக் குழந்தைக்குக் கடத்துவதும் அதே ஏற்பிதான் என்பதால் இவற்றைக் கர்ப்பத்தில் ஆராய்வதில் ஆர்வம் இருக்கிறது. ஆனால் குழந்தைக்குப் போகவேண்டிய நல்ல எதிர்ப்பாற்றலும் சேர்ந்து தடைப்படும். அனுபவம் இன்னும் குறைவு. வழக்கமான சிகிச்சை அல்ல. ரிட்டுக்சிமாப் எடுத்துக்கொண்டவர்கள் குழந்தைநல மருத்துவரிடம் அதைச் சொல்லியாக வேண்டும். குழந்தையின் எதிர்ப்பணுக்கள் சில மாதங்கள் குறைந்திருக்கலாம். பிறந்ததுமே போடும் பி.சி.ஜி. போன்ற உயிருள்ள தடுப்பூசிகளின் நேரத்தை மாற்ற வேண்டிவரலாம்.

மாதங்கள் நகரும்போது

மூன்றில் ஒரு பங்கினருக்கு நோய் குறையும், ஒரு பங்கினருக்கு மாறாது, ஒரு பங்கினருக்குக் கூடும் என்பது பழைய பாடநூல்கள் சொல்லும் கணக்கு. தனி ஒரு பெண்ணுக்கு எது நேரும் என்பதை அந்தக் கணக்கு சொல்லாது. ஒரே பெண்ணின் இரண்டு கர்ப்பங்களே வேறு வேறாக நடந்துகொள்வதுண்டு. பொதுப் போக்கு ஒன்று தெரிகிறது: முதல் மூன்று மாதத்திலும், பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களிலும் தளர்ச்சி கூட வாய்ப்பு அதிகம். நடுவிலும் கடைசியிலும் உடலின் எதிர்ப்பாற்றல் குழந்தைக்காக இயல்பாகவே அடங்குவதால் பலருக்கு நிம்மதியான காலம்.

கடைசி மூன்று மாதத்தில் வேறொரு தொல்லை. கருப்பை மேலே வந்து உதரவிதானத்தை அழுத்தும். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். இந்த நோயில் அது கர்ப்பத்தால் வருவதா, தசை ஓய்வதாலா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். உட்கார்ந்தால் சரியாகி, படுத்தால் திணறுகிறதா? தலை நிமிர்ந்து நிற்காமல் முன்னால் சரிகிறதா? பேச்சு துண்டு துண்டாக வருகிறதா? எச்சிலை விழுங்க முடியவில்லையா? இவற்றில் எது இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. மூச்சை நன்றாக உள்ளிழுத்து, விநாடிக்கு இரண்டு எண் வீதம் சத்தமாக எண்ணிக்கொண்டே போவது. ஆரோக்கியமானவர் ஒரே மூச்சில் 50 வரை போவார். இருபதைத் தொடுவதற்குள் மூச்சு முடிந்தால் மூச்சுத் தசைகள் ஆபத்தான அளவுக்குத் தளர்ந்துவிட்டன என்று பொருள். தினமும் ஒரே நேரத்தில் எண்ணிக் குறித்து வைத்தால், நேற்று 38 என்றிருந்தது இன்று 27 ஆனது உடனே கண்ணில் படும். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டரை இங்கே நம்பக்கூடாது. தசை ஓய்ந்து மூச்சு நிற்கப்போகும் தறுவாய் வரைக்கும் அது 97, 98 என்றே காட்டும்.

ரத்தசோகை, சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், தூக்கமின்மை, கடும் வெயில் எல்லாமே தளர்ச்சியைத் தூண்டும். ஒவ்வொரு பரிசோதனையிலும் சிறுநீரையும் ஹீமோகுளோபினையும் பார்ப்பது நம் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே வழக்கம். இந்த நோயாளிகளுக்கு அந்த முடிவுகளைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். ஸ்கேனில் குழந்தையின் அசைவும் பனிக்குட நீரின் அளவும் முக்கியம். கருவில் உள்ள குழந்தை பனிக்குட நீரை விழுங்கிக்கொண்டே இருக்கும். விழுங்கும் தசை தளர்ந்தால் நீர் கூடும். கருவில் இருக்கும்போது குழந்தையின் தசைகளில் வேறு வகை ஏற்பி இருக்கிறது; கர்ப்பத்தின் 33ஆவது வாரத்தையொட்டித்தான் அது முதிர்ந்த வகையாக மாறுகிறது. அரிதாக, தாயின் எதிர்ப்பொருள் அந்தக் கருநிலை ஏற்பியையே குறிவைக்கும். அப்போது குழந்தை அசையாமல் இருந்து, மூட்டுகள் மடங்கிய நிலையில் இறுகிவிடும். முந்தைய குழந்தைக்கு இப்படி நேர்ந்திருந்தால் அடுத்த கர்ப்பத்தைத் தொடக்கத்திலிருந்தே தனியாகக் கண்காணிக்க வேண்டும்.

போடக்கூடாத ஊசிகள்

கர்ப்பகால வலிப்பைத் தடுக்கும் மக்னீசியம் சல்ஃபேட் உலகெங்கும் எத்தனையோ தாய்மார்களைக் காப்பாற்றிய மருந்து. நம் நாட்டில், பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதற்கு முன்பே கிராம சுகாதார செவிலியர் இடுப்பின் இரு பக்கமும் ஐந்து ஐந்து கிராம் ஊசியாகப் போட்டுவிடும் அளவுக்கு அது வழக்கமாகியிருக்கிறது. மயஸ்தீனியா உள்ள தாய்க்கு அதே ஊசி மூச்சை நிறுத்தக்கூடியது. நரம்பு நுனியில் கால்சியம் செய்ய வேண்டிய வேலையை மக்னீசியம் தடுத்து, அசிட்டைல்கோலின் சுரப்பதையே குறைத்துவிடும். ஏற்பி ஏற்கெனவே குறைந்திருக்கும் உடலில் சுரப்பும் குறைந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இவர்களுக்கு வலிப்பைத் தடுக்க லெவெடிரசிட்டாம், ஃபெனிட்டோயின் போன்ற வேறு மருந்துகள் இருக்கின்றன. செவிலியர் செய்ததில் தவறில்லை, விதிமுறைப்படிதான் செய்கிறார். அவர் கையில் இருக்கும் அட்டையில் நோயின் பெயர் எழுதப்படாமல் இருந்ததுதான் தவறு.

ரத்த அழுத்தத்துக்கு வழக்கமாகத் தரும் லபெட்டலால், பீட்டா தடுப்பான் வகையைச் சேர்ந்தது, தளர்ச்சியைக் கூட்டலாம். மெத்தில்டோபா பாதுகாப்பான மாற்று. நுண்ணுயிர்க்கொல்லிகளில் ஜென்டாமைசின், அமிக்காசின் வகை ஆகாது. மருந்துக் கடையில் சீட்டில்லாமலே கேட்டு வாங்கும் சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வகைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011இல் இந்த நோயாளிகளுக்கென்றே கறுப்புக் கட்டமிட்ட எச்சரிக்கை விதித்தது. அசித்ரோமைசினும் சந்தேகப் பட்டியலில்தான். பென்சிலின், செஃபலோஸ்போரின் வகைகள் பொதுவாகப் பயன்படுத்தத் தக்கவை.

இதற்கு மலிவான பாதுகாப்பு ஒன்று உண்டு. தாய்சேய் நல அட்டையின் முதல் பக்கத்தில் நோயின் பெயர், சாப்பிடும் மருந்துகள், 'மக்னீசியம் கூடாது, ஜென்டாமைசின் கூடாது' என்ற வரி, நரம்பியல் மருத்துவரின் தொலைபேசி எண் ஆகியவற்றைச் சிவப்பு மையில் எழுதிவைப்பது. வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் வழக்கத்தில் இது இன்னும் முக்கியமாகிறது. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ பெண் ஊர் மாறுகிறாள். மருத்துவர், மருத்துவமனை, ஸ்கேன் மையம் எல்லாம் மாறுகின்றன. இத்தனை மாதம் பார்த்த நரம்பியல் மருத்துவர் சென்னையில் இருப்பார். பிரசவம் பார்ப்பவருக்கு அவர் யாரென்றே தெரியாது. தாய்வீடு போவதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் பிரசவம் நடக்கப்போகும் மருத்துவமனை, தாய்க்கு வென்டிலேட்டரும் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவும் உள்ள இடமாக இருக்க வேண்டும். அதை ஐந்தாம் மாதத்திலேயே முடிவு செய்து, மகப்பேறு, நரம்பியல், மயக்கவியல், குழந்தைநல மருத்துவர்கள் நால்வரும் ஒரே காகிதத்தைப் பார்க்கும்படி செய்ய வேண்டும்.

பிரசவ அறையில்

"இந்த நோய்க்கு சிசேரியன்தான்" என்று பல இடங்களில் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறார்கள். வழிகாட்டுதல் அப்படிச் சொல்லவில்லை. சுகப்பிரசவமே குறிக்கோள்; சிசேரியன் மகப்பேற்றுக் காரணங்களுக்காக மட்டும். அறுவையும் மயக்க மருந்தும் தசை தளர்ந்த உடலுக்குக் கூடுதல் சுமை என்பதை மறந்துவிடக்கூடாது.

முதல் கட்டத்தில் கருப்பை வாயைத் திறப்பது கருப்பைத் தசையின் வேலை. அதில் நோய்க்குப் பங்கில்லை. தாய் முக்கித் தள்ள வேண்டிய இரண்டாம் கட்டத்தில்தான் வயிற்றுத் தசைகள் ஓய்ந்துபோகும். அப்போது வேக்கம் அல்லது ஃபோர்செப்ஸ் வைத்து உதவலாம். நம் வீடுகளில் ஆயுதப் பிரசவம் என்றால் கிளம்பும் பயம் இங்கே தேவையற்றது. வலி நீளும் நேரத்திலும் பைரிடோஸ்டிக்மின் வேளை தவறக்கூடாது. பல வாரங்களாக ஸ்டீராய்டு சாப்பிட்டவர்களுக்கு உடலின் சொந்தச் சுரப்பு தூங்கிக்கொண்டிருக்கும் என்பதால் ஹைட்ரோகார்டிசோன் ஊசியும் தேவைப்படும்.

வலி தெரியாமலிருக்க எபிடியூரல் மிகவும் ஏற்றது; களைப்பைக் குறைக்கும், திடீரென்று அறுவை தேவைப்பட்டாலும் உதவும். பியூபிவகைன், ரோபிவகைன், லிக்னோகைன் போன்றவற்றைப் பயன்படுத்துவார்கள். முதுகுத் தண்டில் மருந்து மேலே ஏறி மார்புத் தசைகளைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முழு மயக்கம் தவிர்க்க முடியாத நிலையில் தசை தளர்த்தும் மருந்துகளின் கணக்கு தலைகீழாகும்: சக்சினில்கோலின் கூடுதலாகத் தேவைப்படும், ரோக்குரோனியம் போன்றவற்றில் கொஞ்சமே அதிகம். ரோக்குரோனியத்தின் செயலை முறிக்க சுகம்மாடெக்ஸ் கையிருப்பில் இருப்பது நல்லது.

குழந்தைக்கு

தாயின் நோய் குழந்தைக்குப் பரம்பரையாக வருவதில்லை. ஆனால் கருவில் இருந்தபோது வந்துசேர்ந்த எதிர்ப்பொருள் சில வாரங்கள் தங்கியிருந்து தன் வேலையைக் காட்டும். நூற்றுக்குப் பத்து முதல் இருபது குழந்தைகளுக்கு இப்படித் தற்காலிகத் தளர்ச்சி வருகிறது. தாய்க்கு நோய் லேசாக இருக்கிறதா, கடுமையா என்பதை வைத்து இதைக் கணிக்க முடியாது. தாய்க்கு நோய் முற்றிலும் அடங்கியிருந்தும் குழந்தைக்கு வந்திருக்கிறது.

பிறந்த அன்றைக்கே தெரியாமல் போகலாம். பெரும்பாலும் முதல் இரண்டு நாட்களுக்குள் வெளிப்படும், அபூர்வமாக நாலாம் நாள் வரை ஆகும். அழுகை பூனைக்குட்டியின் முனகல்போல மெலிந்திருக்கும். முலையைக் கவ்வும், ரெண்டு இழுப்பு இழுக்கும், விட்டுவிடும். வாயோரம் பால் வழியும். தூக்கினால் கைகால் துவளும். "சமத்துக் குழந்தை, அழவே அழாது" என்று உறவினர் மெச்சும்போது தாய் சந்தேகப்பட வேண்டும். அதனால் சுகப்பிரசவமானாலும் 48 மணி நேரத்தில் வீட்டுக்கு அனுப்பாமல், குறைந்தது மூன்று நாலு நாள் மருத்துவமனையில் வைத்துப் பார்ப்பது சரி. பாதிக்கப்பட்ட குழந்தைக்கு மூக்கு வழிக் குழாயில் பால், பால் தருவதற்கு அரை மணி முன் நியோஸ்டிக்மின் அல்லது பைரிடோஸ்டிக்மின், அரிதாகச் சில நாள் செயற்கை சுவாசம். பெரும்பாலான குழந்தைகள் ஒரு மாதத்துக்குள் தேறிவிடும். ஏறக்குறைய எல்லாமே மூன்று மாதத்துக்குள். எதிர்ப்பொருள் கரைந்ததும் சுவடே இருக்காது.

தாய்க்குச் சொன்ன மருந்துத் தடை குழந்தைக்கும் பொருந்தும். பச்சிளங்குழந்தைக்குத் தொற்று என்று சந்தேகம் வந்தால் முதலில் போடும் இரட்டை ஊசியில் ஒன்று ஜென்டாமைசின். குழந்தையின் படுக்கை அட்டையிலும் அந்தச் சிவப்பு வரி வேண்டும்.

பிரசவத்துக்குப் பின்

பிரசவம் முடிந்ததும் எல்லாருடைய கண்ணும் தொட்டிலின் பக்கம் திரும்பிவிடுகிறது. நோயின் பார்வை அப்போதுதான் தாயின் பக்கம் திரும்புகிறது. கர்ப்பத்தில் அடங்கியிருந்த எதிர்ப்பாற்றல் மீண்டும் விழித்துக்கொள்ளும், தூக்கமில்லை, தொற்றுக்கும் இடமுண்டு. முதல் ஆறு வாரங்களில் தளர்ச்சி முற்றுவது சாதாரணமாகக் காணப்படுவது. அதே சமயத்தில் ரத்த அளவு பழைய நிலைக்குத் திரும்புவதால், கர்ப்பத்தில் கூட்டிய பைரிடோஸ்டிக்மின் இப்போது அதிகமாகிவிடலாம். ஆகவே பிரசவமான இரண்டாம் வாரத்திலேயே நரம்பியல் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். நாற்பது நாள் தீட்டு, வெளியே போகக்கூடாது என்ற கட்டுப்பாட்டை இந்த ஒரு பயணத்துக்குத் தளர்த்தியாக வேண்டும். பத்தியச் சாப்பாடு போடும் வீட்டில், மெல்லக் கடினமான உணவை மாற்றி மசித்த சோறும் குழைந்த பருப்பும் தருவது போதும்.

தாய்ப்பால் தரலாம். பைரிடோஸ்டிக்மின், பிரெட்னிசோலோன் இரண்டும் பாலில் மிகக் குறைவாகவே கலக்கின்றன. அசதையோபிரின் சாப்பிட்ட நாலு மணி நேரம் கழித்துப் பால் கொடுத்தால் குழந்தைக்குப் போகும் அளவு இன்னும் குறையும். மைக்கோஃபீனோலேட், மெத்தோட்ரெக்சேட் மட்டும் கூடாது. உட்கார்ந்து குழந்தையைத் தூக்கிப் பிடித்தால் கை ஓய்ந்துவிடும் என்பதால் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, குழந்தையைப் பக்கத்தில் கிடத்திப் பால் தருவது எளிது. இரவுப் பால் வேளைகளில் ஒன்றையாவது பீய்ச்சி வைத்த பாலைக் கொண்டு வேறொருவர் பார்த்துக்கொண்டால் தாய்க்கு ஐந்து மணி நேரம் தொடர்ந்து தூக்கம் கிடைக்கும். இந்த நோயில் தூக்கமும் ஒரு மருந்துதான்.

அடுத்த குழந்தையைப் பற்றிய பேச்சு வரும்போது, தள்ளிவைத்த தைமஸ் அறுவையை முதலில் முடிக்க வேண்டும். முதல் குழந்தைக்குத் தற்காலிகத் தளர்ச்சி வந்திருந்தால் இரண்டாவதற்கும் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், அந்தப் பிரசவக் குறிப்புகளை, எந்த நாளில் தளர்ச்சி தெரிந்தது, எத்தனை நாள் நீடித்தது, எந்த மருந்துக்குக் கட்டுப்பட்டது என்பது உட்பட, முதல் குழந்தையின் தடுப்பூசி அட்டையோடு சேர்த்துப் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும்.